தோள்பட்டை இறுகிப் போனால் வைட்டமின் மாத்திரை கைகொடுக்குமா?

தலை வாரக் கை எழவில்லை. சட்டையை மாட்டும்போது சுரீர் என்று வலிக்கிறது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. காற்சட்டையின் பின்பையிலிருந்து பணப்பையை எடுப்பதற்குக்கூட மறுகை தேவைப்படுகிறது. நாற்பதைக் கடந்த பலருக்கு இப்படி ஒரு தொல்லை, அடிபட்டதாக நினைவே இல்லாத தோளில் திடீரென்று தொடங்குகிறது.

வலி வந்ததும் பலர் முதலில் நாடுவது மருந்தகத்தின் வைட்டமின் அலமாரியைத்தான். "நரம்புக்குப் பி வைட்டமின் நல்லது", "எலும்புக்கு டி வைட்டமின் எடுங்கள்", "கொலாஜன் குடித்தால் மூட்டு வழுக்கும்" என்று புலனக் குழுக்களிலும் டிக் டாக்கிலும் ஆலோசனைகள் குவிகின்றன. ஒரு புட்டி தீர்ந்து மறுபுட்டி வாங்குவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடுகிறது. அதற்குள் தோள் மேலும் இறுகிவிடுகிறது.

தோள்பட்டை இறுக்கத்தைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ நிரூபிக்கப்பட்ட வைட்டமின் இதுவரை ஒன்றும் இல்லை. அதற்காக வைட்டமின்களே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எந்த வைட்டமின் யாருக்கு எப்போது பயன்படும், எங்கே பணம் வீணாகும், எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பாக இந்நாட்டு இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வலிக்கும் இனிப்பு நீருக்கும் நெருங்கிய உறவு உண்டு.

தோளுக்குள் நடப்பது என்ன?

தோள்மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. கை எலும்பின் உருண்டையான தலை, தோள் எலும்பில் உள்ள ஆழமில்லாத குழியில் உருளுகிறது. இந்த மூட்டை ஒரு மெல்லிய உறை சுற்றியிருக்கிறது. கையை மேலே தூக்கவும் முதுகுப் பக்கம் கொண்டு போகவும் அந்த உறை தளர்வாக இருக்க வேண்டும். நல்ல உறை, தளர்ந்த சட்டைக் கையைப் போல மடிப்போடு தொங்கும்.

தோள்பட்டை இறுக்கம் வந்தவர்களுக்கு முதலில் இந்த உறையில் அழற்சி ஏற்படுகிறது. பிறகு புண் ஆறிய தழும்பு போல உறை தடித்துச் சுருங்குகிறது. வெந்நீரில் போட்டுச் சுருங்கிய கம்பளிச் சட்டையின் கையில் கை நுழையாததைப் போன்ற நிலைதான் அது. ஆங்கிலத்தில் இதை ஃபுரோசன் ஷோல்டர் என்கிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934ஆம் ஆண்டு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். சீனர்கள் இதை "ஐம்பது வயதுத் தோள்" என்றே அழைக்கிறார்கள். 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில்தான் இது அதிகம் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களைச் சற்று அதிகமாகத் தாக்குகிறது.

இந்த நோய் மூன்று கட்டங்களாக நகரும். முதல் கட்டத்தில் வலி அதிகம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். கையின் அசைவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டாம் கட்டத்தில் வலி சற்றுத் தணியும், ஆனால் தோள் கட்டிப்போட்டது போல இறுகி நிற்கும். மூன்றாம் கட்டத்தில் இறுக்கம் மெதுவாக விலகும். முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகும். சிலருக்கு அதற்குப் பிறகும் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சிவிடுகிறது. ஒரு தோள் சரியான பிறகு சில ஆண்டுகளில் மறுதோளிலும் வருவது உண்டு.

இந்தக் கால அளவைத் தெரிந்துகொள்வது முக்கியம். இரண்டாம் கட்டத்தில் வலி தானாகவே குறையும் நேரத்தில் யார் எந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், "இதுதான் குணப்படுத்தியது" என்று நம்பத் தோன்றும். "எனக்குச் சரியாகிவிட்டது, நீங்களும் வாங்குங்கள்" என்ற பேச்சுகளில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

எல்லாத் தோள் வலியும் இதுதானா?

இல்லை. செம்பனைக் குலை வெட்டுபவர், சுவருக்குச் சாயம் பூசுபவர், மூட்டை தூக்குபவர் எனத் தலைக்கு மேல் கையை ஓங்கி வேலை செய்பவர்களுக்குத் தோளின் தசைநார் தேய்வதும் கிழிவதும் உண்டு. கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினாலும் வலி தோள் வழியாகக் கைக்கு இறங்கும்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கிக்கொள்ள வேண்டும். இப்போது முன்கையை வெளிப்பக்கம், கதவைத் திறப்பது போலத் திருப்ப வேண்டும். வலிக்கும் கை மறுகையின் அளவுக்குத் திரும்பவில்லை, வேறொருவர் மெதுவாகப் பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், அது தோள்பட்டை இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். தானாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கும்போது மேலே போகிறது என்றால் தசைநார் பாதிப்பாக இருக்கலாம். உறுதிப்படுத்துவது மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து, மூட்டுத் தேய்மானம் போன்ற பிற காரணங்கள் இல்லை என்று பார்ப்பார்கள்.

இடது தோளில் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் சோதனை எதுவும் செய்து கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலும், விழுந்த பிறகு கையை அசைக்க முடியாமல் போனாலும், கை மரத்து வலுவிழந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஏன் அதிகம்?

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுக்கம் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறுகிறது. தோள் இறுகி வருபவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பதையும் அது கண்டது.

காரணம் ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை. உடலின் தசைநாரும் மூட்டு உறையும் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனவை. பல ஆண்டுகள் சர்க்கரை அதிகமாக இருந்தால், அது இந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு ஒன்றோடு ஒன்றைப் பிணைத்துவிடுகிறது. நெகிழ்வாக இருக்க வேண்டிய உறை விறைத்துப் போகிறது. அதனால்தான் நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நோய் கடுமையாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கிறது. இரு தோளையும் தாக்குவதும் அவர்களிடையே அதிகம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்று பொருள். தங்களுக்கு நீரிழிவு இருப்பதே தெரியாதவர்களும் அந்தக் கணக்கில் அடங்குவர்.

ஆகவே காரணமின்றித் தோள் இறுகுவதை வெறும் மூட்டு வலியாக ஒதுக்கிவிடக் கூடாது. சிலருக்கு அதுவே நீரிழிவைக் காட்டிக் கொடுக்கும் முதல் அறிகுறியாக இருக்கிறது. தைராய்டு சுரப்பிக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. வைட்டமின் வாங்குவதற்கு முன் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பல மடங்கு பயன் தரும்.

டி வைட்டமின்: குறை இருந்தால் நிரப்பலாம்

தோள் வலிக்கு அதிகம் பேசப்படுவது டி வைட்டமின்தான். எலும்பு, தசை, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்கு அது தேவை. வெயில் படும்போது தோலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் மலேசியாவிலும் டி வைட்டமின் குறைபாடு சாதாரணமாகக் காணப்படுகிறது. கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமினைத் தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். காலை முதல் மாலை வரை தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ இருப்பவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கும் அந்த வாய்ப்பு குறைவு.

தோள் இறுகியவர்களிடம் டி வைட்டமின் குறைவாக இருப்பதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஊரில் பலருக்கும் குறைவாக இருக்கும்போது, அதுதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. வலியால் வெளியே போகாமல் இருந்ததாலும் அளவு குறைந்திருக்கலாம். மாத்திரை கொடுத்ததால் இறுக்கம் விலகியது என்று காட்டும் வலுவான ஆய்வு இல்லை.

எனவே பரிசோதனையில் குறை தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். அதன் பயன் எலும்புக்கும் தசைக்கும் கிடைக்கும். பெரியவர்களுக்கு நாளுக்கு 600 அனைத்துலக அலகும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 800 அலகும் போதும் என்பது மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை. மருத்துவர் ஆலோசனை இல்லாமல் நாளுக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல் வரும். சிறுநீரகமும் கெடும். உணவில் மத்தி, கெம்போங் மீன், டின் சார்டின், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் டி வைட்டமின் உண்டு.

சி வைட்டமினும் கொலாஜன் பானமும்

கொலாஜன் உருவாவதற்கு சி வைட்டமின் தேவை என்பது உண்மை. அதை வைத்து, "சி வைட்டமினும் கொலாஜனும் சேர்த்துக் குடித்தால் தோள் இலகுவாகும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் இறுகிய தோளில் கொலாஜனுக்குப் பஞ்சம் இல்லை. வேண்டாத இடத்தில் அது அதிகமாகப் படிந்திருப்பதுதான் சிக்கலே. மேலும், குடிக்கும் கொலாஜனை வயிறு மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடுகிறது. அது நேராகத் தோளுக்குப் போய்ச் சேராது.

சி வைட்டமின் குறித்து வேறொரு ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் 50 நாள் கொடுத்தபோது, பின்னர் வரக்கூடிய ஒருவகைக் கடும் வலி நோய் குறைந்ததாக நெதர்லாந்து மருத்துவர்கள் 1999இல் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. அது மணிக்கட்டு முறிவைப் பற்றியது. அதைத் தோள்பட்டை இறுக்கத்துக்கு எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

நாளுக்குத் தேவையான சி வைட்டமின், பாதிக் கொய்யாப் பழத்திலேயே கிடைத்துவிடும். பப்பாளி, எலுமிச்சை, பச்சை மிளகாய், முருங்கைக் கீரை எல்லாவற்றிலும் இருக்கிறது. நாளுக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும். மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு, வீட்டில் சர்க்கரை பார்க்கும் சில கருவிகள் தவறான எண்ணைக் காட்டக்கூடும். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

நரம்பு மாத்திரை யாருக்கு?

பி1, பி6, பி12 மூன்றும் கலந்த நரம்பு மாத்திரை பல வீடுகளில் இருக்கும். கை கால் மரத்துப் போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவற்றுக்கு அது கொடுக்கப்படுகிறது. தோள்பட்டை இறுக்கம் மூட்டு உறையின் நோய் என்பதால், நரம்பு மாத்திரையால் உறை தளராது.

ஆனால் ஒரு பிரிவினர் பி12 வைட்டமினைக் கவனிக்கத்தான் வேண்டும். நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. கால் மரத்துப் போவது, சோர்வு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கலாம். குறை இருந்தால் மாத்திரையோ ஊசியோ பயன் தரும். இதற்காக மெட்பார்மினைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்காக எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை காலை மரக்கச் செய்யும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், ஒவ்வொரு புட்டியிலும் பி6 எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பது நல்லது.

முடிக்கும் நகத்துக்கும் விற்கப்படும் பயோட்டின் மாத்திரை இன்னொரு வகையில் குழப்பம் தரும். அதிக அளவு பயோட்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவைத் திரித்துவிடக்கூடும். பரிசோதனைக்கு முன் அதைச் சாப்பிடுவதாகத் தாதியிடமோ மருத்துவரிடமோ கட்டாயம் சொல்ல வேண்டும்.

மற்றவை

குளுக்கோசமைன் முட்டித் தேய்மானத்துக்காக விற்கப்படுவது. தோள்பட்டை இறுக்கம் தேய்மானம் அல்ல. பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து தயாரிக்கப்படுவதால், அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஈ வைட்டமின், மீன் எண்ணெய், மஞ்சள் வில்லைகள் ஆகியவையும் தோள் இறுக்கத்தைக் குணப்படுத்துவதாக நிரூபணம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இவற்றை அதிக அளவில் எடுத்தால் ரத்தக் கசிவு ஏற்படலாம். கே வைட்டமின் அதற்கு நேர்மாறாக அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மெக்னீசியம் மாத்திரையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சமையலில் போடும் மஞ்சளால் இந்தத் தொல்லைகள் இல்லை.

இரண்டே நாளில் வலி போனால் சந்தேகப்படுங்கள்

வைட்டமின் வாங்கிப் பணம் போனால் நட்டம் பணத்தோடு போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூட்டு வலிக்கு என்று இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் பதிவில்லாத மாத்திரைகளும் ஜாமுவும்தான். இவ்வகைப் பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. உறையில் "மூலிகை" என்றும் "இயற்கை" என்றும் எழுதியிருக்கும்.

ஸ்டீராய்டு வலியை வேகமாக அடக்கும். அதனால் வாங்கியவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறுகின்றன. முகம் உப்புகிறது, தோல் மெலிகிறது, எலும்பு பலம் இழக்கிறது. நீரிழிவால் தோள் இறுகியவர் சர்க்கரையை ஏற்றும் மருந்தைத் தெரியாமலே சாப்பிடுகிறார். இப்படிப்பட்ட ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்து போயிருக்கும். மயக்கம், ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே கேடு வரலாம். எனவே அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். மறைக்கத் தேவையில்லை.

வாங்கும் பொருள் பதிவு பெற்றதா என்று பார்க்க எளிய வழி உண்டு. உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதன்பின் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். கடைசி எழுத்து என் என்றால் ஊட்டச்சத்துப் பொருள், டி என்றால் பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, பொருளின் பெயரும் அதுவும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம். போலி எண்ணை அச்சிடுவோரும் இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு தேவை. பதிவு எண் என்பது தரத்துக்கும் பாதுகாப்புக்குமான அனுமதி. "என்" எழுத்துள்ள பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விற்பவர் சொன்னால், அந்தப் பேச்சை நம்பத் தேவையில்லை.

உண்மையில் பயன் தருபவை

முதல் கட்டத்தில் நோக்கம் வலியைக் குறைத்துத் தூக்கத்தைக் காப்பது. மருத்துவர் பாரசிட்டமோலோ வேறு வலி மாத்திரையோ தருவார். நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கித் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. சிலவகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வலி கடுமையாக இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அளவு தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் போடும் இந்த ஊசியையும் கலப்பட மாத்திரையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஆரம்பக் கட்டத்தில் ஊசி நல்ல பலன் தருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால், அந்த நாள்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி. அதற்கும் பலன் இல்லாதவர்களுக்கு, மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி உறையை விரிப்பது, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவது, நுண்துளை வழியே உறையை அறுத்துத் தளர்த்துவது என்று வழிகள் உள்ளன. பிரிட்டனில் 503 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய பயிற்சியையும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இரு சிகிச்சைகளையும் ஒப்பிட்டது. ஓராண்டில் மூன்று குழுவினருமே நன்றாகத் தேறினர். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று சொல்ல முடியவில்லை. ஊசியும் பயிற்சியும் எளிதில் கிடைப்பவை என்பதால் பெரும்பாலோர் அங்கிருந்து தொடங்கலாம்.

வீட்டில் செய்யும் பயிற்சி

மருத்துவர் நோயை உறுதி செய்த பிறகு, வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு இவற்றைச் செய்யலாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

ஊஞ்சல் அசைவு: நல்ல கையை மேசையில் ஊன்றிச் சற்றுக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆட்ட வேண்டும்.

சுவர் ஏறுதல்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு நடப்பது போல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பத்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் வாரா வாரம் முன்னேற்றம் தெரியும்.

துண்டு இழுத்தல்: ஒரு துண்டின் ஒரு முனையை நல்ல கையால் தோளுக்கு மேலாகவும், மறுமுனையை வலிக்கும் கையால் முதுகுக்குக் கீழும் பிடித்து, மேல் கையால் மெதுவாக இழுக்க வேண்டும்.

கம்பு தள்ளுதல்: முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கையாலும் ஒரு துடைப்பக் கம்பைக் குறுக்கே பிடித்து, நல்ல கையால் தள்ளி வலிக்கும் கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

இழுபடும் உணர்வு வரலாம், தாங்க முடியாத வலி வரக் கூடாது. பயிற்சியால் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் முதல் பயிற்சி மட்டுமே போதும். மிதமாக எண்ணெய் தடவி நீவி விடுவதில் தவறில்லை. ஆனால் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து "சுளுக்கு எடுக்க" விடக் கூடாது. எலும்பு பலவீனமானவர்களுக்கு முறிவுகூட ஏற்படலாம்.

வராமல் தடுக்க முடியுமா?

முழுமையாகத் தடுக்க வழி இல்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கலாம். தோள் நீண்ட நாள் அசையாமல் கிடப்பது இறுக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். கை முறிவு, பக்கவாதம், மார்பக அறுவை, இருதய அறுவை ஆகியவற்றுக்குப் பிறகு பயத்தில் கையை அசைக்காமல் வைத்திருப்பவர்கள் பலர். எப்போது, எவ்வளவு அசைக்கலாம் என்று மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவரைப் பராமரிக்கும் குடும்பத்தார் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல், பிசியோதெரபி நிபுணர் காட்டித் தரும் முறையில் அசைத்துவிட வேண்டும்.

மற்றது சர்க்கரைக் கட்டுப்பாடு. தே தாரேக்கில் சீனியைக் குறைப்பதும், சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதும், மாலையில் அரை மணி நேரம் நடப்பதும், மருந்தைத் தவறாமல் எடுப்பதும் தோளுக்கும் செய்யும் உதவிதான்.

எங்கே போவது?

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். சர்க்கரைப் பரிசோதனையும் அங்கேயே செய்துகொள்ளலாம். சில கிளினிக்குகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. இல்லாத இடங்களில் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். தோட்டத்திலிருந்து வாராவாரம் பட்டணத்துக்குப் போய்வருவது சிரமம் என்றால், முதல் நாளே அதைச் சொல்லி வீட்டில் செய்யும் பயிற்சிகளை முழுமையாகக் கற்றுத்தரும்படி கேட்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது நான்கு விஷயங்களைத் தயாராக வைத்திருந்தால் மருத்துவருக்கு எளிதாக இருக்கும்:

1. வலி எப்போது தொடங்கியது, இரவில் தூக்கம் கெடுகிறதா, எந்த அசைவு முடியவில்லை என்ற விவரம்.

2. சாப்பிடும் எல்லா மருந்துகளும், வைட்டமின், ஜாமு, மூலிகை உட்பட. பெயர் தெரியாவிட்டால் புட்டிகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகலாம்.

3. கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது, எவ்வளவு இருந்தது என்ற குறிப்பு. பார்த்ததே இல்லை என்றால் அன்றே பார்க்கும்படி கேட்க வேண்டும்.

4. தைராய்டு கோளாறு, பக்கவாதம், கை முறிவு, அறுவை சிகிச்சை போன்றவை முன்பு இருந்ததா என்ற தகவல்.

வைட்டமின் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். தலை வாரக் கை எழாமல் இரண்டு மூன்று வாரம் ஆகிவிட்டால், இன்னொரு புட்டி தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.